எழுநூற்று இருபது லிட்டர்

வெளியே மைனஸ் இருபத்தெட்டு.
உள்ளே, இன்னும் வராத மீன்களுக்கு,
பிளஸ் இருபத்தெட்டு வேண்டும்.
கெமி நகரத்து ஜனவரி
இப்படித்தான் கணக்குக் கேட்கும்.

நான் பனி உடைக்கும் கப்பலில் எஞ்சின் பார்ப்பவள்.
பத்து நாள் கடல், பத்து நாள் வீடு.
பம்ப் என்றால் எனக்குப் பயமில்லை.
நின்றுபோகாத பம்ப் என்று ஒன்று கிடையாது,
அது தெரியும், அவ்வளவுதான்.

உர்ஹோ ரொட்டிக்கடையில் இரவு மாவு பிசைபவன்.
பகலில் தூங்குவான், தொட்டி வரப்போகும் சுவருக்கு
அந்தப் பக்கம் தலைவைத்து.
சத்தம் போடாத வடிகட்டியாய்ப் பார்,
இதுதான் அவன் வைத்த ஒரே நிபந்தனை.
டிஸ்கஸ் வேண்டுமென்றவனும் அவன்தான்.
தட்டுபோல் வட்டமாய், செங்கல் நிறத்தில்,
தண்ணீர் இரண்டு நாள் குளிர்ந்தால்
கறுத்து மூலையில் ஒதுங்கிவிடும் மீன்.

கடைக்காரர் மூடிபோட்ட டப்பா வடிகட்டியைக் காட்டினார்.
வாளி அளவு, அலமாரிக்குள் அடங்கும்,
பூனை உறுமுவதைவிடக் குறைந்த சத்தம்.
எவ்வளவு பஞ்சு, எவ்வளவு பீங்கான் வளையம் என்று
கையை விட்டுப் பார்த்தேன்.
முழங்கை வரை போகவில்லை.
எட்டு மீன் தின்று கழிப்பதை
இந்த வாளி எத்தனை நாள் சுமக்கும்?

தொட்டிக்கடியில் இன்னொரு தொட்டி, அது என் கட்சி.
மேலே வழிந்து, கீழே இறங்கி,
பையில் கசடை விட்டு, நுரைக்கல்லுக்குள் நடந்து,
கடைசி அறையில் சூடு வாங்கிக்கொண்டு
மேலேறும் தண்ணீர்.

சூடேற்றி விஷயத்தில் சண்டையே வந்தது.
அறுநூறு வாட்டில் ஒன்று, மலிவு, என்றான்.
முந்நூறில் இரண்டு என்றேன்.
ஒன்று செத்தால் மற்றது தாங்கும்
என்பதற்காக மட்டும் இல்லை.
தெர்மோஸ்டாட் சாவதைவிட மோசம்
அது அணையாமல் ஒட்டிக்கொள்வது.
அறுநூறு ஒட்டிக்கொண்டால் விடிவதற்குள் மீன்சூப்.
முந்நூறு ஒட்டிக்கொண்டால்
கொஞ்சம் வேர்த்துப்போன மீன்கள்.
அவன் சிரிக்கவில்லை. இரண்டு வாங்கினான்.

கீழ்வீட்டில் ஹில்க்கா.
தளம் தாங்குமா என்று குடியிருப்புச் சங்கத்துக்கு எழுதியவள்.
பொறியாளர் அளந்து சரியென்ற பிறகும்
தன் புத்தக அலமாரியை நகர்த்திவைத்தவள்.
அவளை அழைத்தேன்:
இப்போது வேண்டுமென்றே பம்பை நிறுத்தப்போகிறேன்,
உங்கள் சீலிங்கைப் பாருங்கள், ஃபோனை வைக்காதீர்கள்.

பிளக்கைப் பிடுங்கினேன்.
மேலேறும் குழாய் ஒரு மூச்சு யோசித்து
பின்னால் உறிஞ்சத் தொடங்கியது.
கீழ்த்தொட்டியில் நான் பென்சிலால் போட்ட கோட்டைத்
தண்ணீர் தொட்டது, தாண்டியது.
காற்றுப் புகுந்து இழுப்பை அறுக்கவென்று
குழாயில் மூன்று மில்லிமீட்டரில் ஒரு துளை போட்டிருந்தேன்.
மேல்மட்டம் அந்தத் துளைக்கு இறங்கும்வரை
கீழ்மட்டம் ஏறிக்கொண்டே இருக்கும்.
விளிம்புக்கு ஐந்து விரல்.
நாலு.
"என்ன தெரிகிறது?"
"சீலிங் தெரிகிறது" என்றாள் ஹில்க்கா.
மூன்று.
க்ளக். துளை காற்றைக் குடித்தது.
தண்ணீர் நின்றது.

நாளை ஒரு நத்தை அந்தத் துளையில் வந்து உட்கார்ந்தால்
மூன்று விரலும் போதாது.
அன்றைக்கே இரண்டாவது துளை போட்டேன்.

"சொட்டவில்லை" என்றவள்
ஃபோனை வைக்காமல் கொஞ்ச நேரம் இருந்தாள்.
"உன் கணவன் பகலெல்லாம் குறட்டை விடுகிறான்.
அதற்கு ஏதாவது வடிகட்டி உண்டா?"

இப்போது தொட்டி ஓடுகிறது. மீன் இல்லை.
இல்லாத மீனின் சிறுநீராக
தினம் அளந்து அம்மோனியா ஊற்றுகிறோம்.
கண்ணுக்குத் தெரியாதவை நுரைக்கல்லில் குடியேறும்வரை
ஆறு வாரம் வெறும் தண்ணீரைச் சூடாக்குகிறோம்.
மின்கட்டணத்தைப் பார்த்து உர்ஹோ ஒன்றும் சொல்லவில்லை.

நேற்று கப்பலுக்குக் கிளம்பும்போது
வேலை முடிந்து வந்தவன், மேல்கோட்டைக் கழற்றாமல்,
கண்ணாடியில் உள்ளங்கையை வைத்து நின்றான்,
காய்ச்சல் பார்ப்பதுபோல.
"இருபத்தெட்டு" என்றான்.

அவன் முதுகுக்குப் பின்னால் திரையில்
இருபத்தேழு புள்ளி ஆறு.
நான் பையின் ஜிப்பை இழுத்தேன்.