பச்சைக் குண்டூசி

கல்யாணத்துக்கு முந்தைய வருஷம்
ககோஷிமாவில் கிளம்பி
வக்கனாய் வரை நடந்தவர் தெய்ஜி.
தூரம் காலுக்குத் தெரியவேண்டும்,
புத்திக்குத் தெரிந்து என்ன பயன் என்பார்.
நடுவழியில், ஹச்சினோஹே மீன்சந்தையில்
கணவாய்க் கணக்கு எழுதிக்கொண்டிருந்த என்னிடம்
பூட்ஸ் தைக்க ஊசி கேட்டார்.
அப்படித்தான் தொடங்கியது.
அந்த ஊசி பல வருஷம் கழித்து
எண்பத்தாறாம் பாகையில்
நாய்வார் தைக்கும்போது
விரல் மரத்து விழுந்துவிட்டதாம்.

அவர் போனபின் அடுப்படிச் சுவரில் வடதுருவம்.
பச்சைக் குண்டூசிதான் அவர்.
சந்தை முடிந்து நான் வரும் பத்து மணிக்கு
ரெசலூட்டிலிருந்து பவுலூசி கூப்பிடுவார்.
அவர் மொழி எனக்கு வராது, என்னுடையது அவருக்கு.
எண்கள் மட்டும் இருவருக்கும் தெரியும்.

இருபத்தேழாம் நாள்
பதினான்கு கிலோமீட்டர் வடக்கே.
நகக்கண் அளவு ஊசியை ஏற்றினேன்.
இருபத்தெட்டாம் நாள்
அதற்கும் கீழே.
தப்பாகக் கேட்டுவிட்டேனென்று மறுபடி கேட்டேன்.
பவுலூசி மறுபடி சொன்னார்,
இழவு சொல்பவர் போல, மெதுவாக.

அவர் தூங்கினார், பனி தூங்கவில்லை.
பனிக்கு அடியில் கடல்.
கூடாரத்தோடு, பதினொரு நாய்களோடு,
ஸ்லெட்ஜிலேயே குட்டி போட்ட நூயாவோடு
ஆளை அப்படியே தெற்கே கொண்டுபோனது.

சாண் ஏறினால் முழம் சறுக்கும் என்பார்கள்.
சறுக்கச் சரிவாவது வேண்டாமா?
அங்கே தரை மட்டம்.
அவர் படுத்திருக்கிறார், அவ்வளவுதான்.

ஆறு நாள் இப்படியே.
ஒரே இடத்தைக் குத்திக் குத்தி
செல்லரித்ததுபோல் ஆனது துருவம்.
பத்திரிகையிலிருந்து மினெகிஷி கேட்டார்:
எதுவரை வந்திருக்கிறார்?
நடக்கிறார் என்றேன்.
இல்லை, எதுவரை?
நடக்கிறார்.

போய்ச் சேர்ந்தாரா என்பதெல்லாம்
பேப்பரில் வந்தது.
மூக்கு நுனி கறுத்து, இரண்டு கால்விரல் குறைந்து
ஓர் ஆகஸ்ட் மத்தியானம் வந்து நின்றார்.
வெயிலில் தர்பூசணி தின்றார், பாதிப் பழம், பேசாமல்.

இப்போது நடுராத்திரியில் விழித்துக்கொள்கிறார்.
எவ்வளவு நகர்ந்திருக்கிறோம், தொவாகோ?
எதிர்த்தெரு தபால்பெட்டி
நின்ற இடத்திலேயே நிற்கிறது.
முதலில் சில நாள்
நகரவில்லை, படுங்கள் என்று சொல்லிப் பார்த்தேன்.
நம்பவில்லை; விடியும்வரை உட்கார்ந்திருந்தார்.

அதனால் இருட்டில் கையை நீட்டி
பாயைத் துழாவி
அளந்தே சொல்லிவிடுகிறேன்:
என் பக்கம், ஒரு முழம்.

சரி என்கிறார்.
தூங்கிவிடுகிறார்.