ஒண்ணு, மூணு, நாலு, ரெண்டு

காரணம்பேட்டையில் சிக்னலுக்கு நின்றால்
டேஷ்போர்டில் வைத்த பாக்குப் பொட்டலம்
தானாக நகர்ந்து கண்ணாடியோரம் போய்ச் சேரும்.
அப்படி ஒரு நடுக்கம்.
ஓட்டத்தில் தெரியாது, நின்றால்தான் தெரியும்.
இரண்டாயிரத்து ஐந்தாம் வருடத்து இருநூற்றியேழு.
பின்னால் நாற்பதாம் நம்பர் நூல், முப்பது சிப்பம்.

சோமனூர்ப் பங்காளி “மவுண்டிங் போயிருக்கும்” என்றார்.
மாற்றினேன்.
பங்க்காரன் “தண்ணி எறங்கியிருக்கும்” என்றான்,
தன் பங்க்கை மட்டும் விட்டுவிட்டு.
ஃபில்டர் மாற்றி, அடித்தண்ணி வடித்து,
கைப்பம்பை அமுக்கி அமுக்கிக் காற்றெடுத்தேன்.
கட்டைவிரல் வீங்கியதுதான் மிச்சம்.
“வித்துத் தொலைங்க மாப்ள” என்றார் மச்சான்.

அதற்கெல்லாம் முன்னால், ஆவணியில்,
மாரப்பனை நிறுத்தியிருந்தேன்.
கலப்பட டீசல் அடித்து மீதியைப் பையில் போடுகிறான் என்று
நானே முடிவு செய்து
நானே கணக்கும் முடித்து.
அவன் ஒன்றும் கேட்கவில்லை.
சாவியை என் கையில் தராமல்
பானட் மேல் வைத்துவிட்டுப் போனான்.

தன்னாசி பட்டறைக்குக் கூரை பாதி தகரம், பாதி ஃபிளெக்ஸ்.
ஸ்குரூடிரைவர் நுனியை இன்ஜினில் ஊன்றிப்
பிடியைக் காதுக்குக் கொடுத்தார்.
“மொறை வெச்சு வெடிக்கோணுமுங்க.
ஒண்ணு, மூணு, நாலு, ரெண்டு.
இதுல வர்றது
ஒண்ணு,

நாலு, ரெண்டு.
கேக்குதுங்களா?”
எனக்குத் தடதடப்புதான் கேட்டது.

பதினேழாம் நம்பர் ஸ்பானர்.
முதல் பைப்பின் நட்டைக் கால் சுற்றுத் தளர்த்தினார்.
இன்ஜின் பொசுக்கென்று குனிந்தது. முடுக்கினார், நிமிர்ந்தது.
இரண்டு. குனிந்தது.
நாலு. அணையவே பார்த்தது.
மூன்றைத் தளர்த்தினார்.
டீசல் நுரைத்து வழிந்தது,
சத்தத்தில் மயிரிழை மாற்றமில்லை.
“இவன் வேலைக்கே வர்லீங்க.”

இன்ஜெக்டர் என்று நினைத்தோம்.
மூன்றில் இருந்ததை இரண்டுக்கும்
இரண்டில் இருந்ததை மூன்றுக்கும் மாற்றினார்.
அதற்கே மத்தியானம் போயிற்று.
கறிக்கோழி வண்டிகள் நாலைந்து
வாடையை இறக்கிவிட்டுப் போயின.
ஸ்டார்ட் செய்தால் மறுபடியும் மூன்று.
“ஆளை மாத்தியும் சீக்கு அங்கயேதான் நிக்குது.
அப்ப ஆள் மேல குத்தமில்லீங்.”
நான் எதிர்க்காட்டில் காற்றாலை சுற்றுவதைப் பார்த்தேன்.

“காலிக் கோன் ஒண்ணு குடுங்க.
நீங்க கை வெச்சறாதீங்க,
ஊசியாட்டம் தோலுக்குள்ள ஏறிக்கும்.”
அட்டைக் கோனைப் பைப்பை ஒட்டி
மெல்ல நகர்த்திக்கொண்டே போனார்.
ஓரிடத்தில் கோன் மேல்
மிளகளவு ஈரம். ரூபாயளவு ஆயிற்று.

அங்கே கிளாம்ப் இருந்திருக்க வேண்டும்.
இருந்தது நூல்.
பத்துச் சுற்று, மேலே பஞ்சு படிந்து,
கசிந்ததையெல்லாம் குடித்துக் குடித்து
ஒரு சொட்டும் கீழே விடாமல்.
அறுத்து எடுத்தால் அடியில் தலைமுடிக் கீறல்.
“பைப்பு ஆடியாடி விண்டிருக்குது.
நூலுல கட்டுனா நிக்குமுங்களா? ஆரு கட்டுனது?”

சித்திரையில், அவினாசி போகிற வழியில்
போல்ட் எங்கோ விழுந்த அன்று
கோனைப் பிரித்துக் கட்டியது நான்.
என் முடிச்சு அது:
இரண்டு தரம் உள்ளே விட்டு இழுக்கிற சிப்ப முடிச்சு.

“பழைய டிரைவருங்க” என்றேன்.

தன்னாசி கையிலிருந்த முடிச்சைப் பார்த்தார்.
பின்னால் அடுக்கியிருந்த சிப்பங்களைப் பார்த்தார்.
பைப்பு, கிளாம்ப், கூலி சேர்த்து
ஆயிரத்து நானூறு என்றார்.

பொழுதோட சிக்னலில் நின்றபோது
பாக்குப் பொட்டலம் வைத்த இடத்தில் இருந்தது.
ஓரங்கட்டி மாரப்பனுக்குப் போன் போட்டேன்.
இப்போது நாமக்கல்லில் முட்டை வண்டி ஓட்டுகிறான்.
“சொல்லுங்” என்றான்.
அவனுக்குப் பின்னால் அவன் வண்டி
நின்றபடி ஓடிக்கொண்டிருந்தது.
எண்ணினேன்.
ஒண்ணு, மூணு, நாலு, ரெண்டு.
ஒண்ணு, மூணு,

“ஏனுங், லைன்ல இருக்கறீங்களா?”