சமையலறையில் அட்லாண்டிக்

பூந்தா அரேனாஸில் காற்று மிஞ்சும் நாட்களில்
நடப்பவர்கள் பிடித்துக்கொள்ளத்
தெருமுனைகளில் கயிறு கட்டுவார்கள்.
பாக்கூவுக்குப் போகவேண்டும் என்று
அறுபத்தொன்பது வயதில் நான் சொன்னபோது
கயிற்றைக் கைவிட்டவளைப் பார்ப்பதுபோல் பார்த்தான்
தோமிஸ்லாவ்.

அங்கேயும் காற்றுதான்.
ஆனால் அதற்குப் பெயர் உண்டு:
வடக்கிலிருந்து வந்தால் ஹஸ்ரி, தெற்கிலிருந்து கிலவார்.
எங்கள் காற்றுக்கு நாங்கள் வைத்தவை வசவுகள் மட்டுமே.

முப்பத்திரண்டு வருடம் துறைமுக எடைமேடையில்
கம்பளிப் பொதி லாரிகளை நிறுத்தவள் நான்.
சரக்கோடு ஒருமுறை, வெறும் வண்டியாய் ஒருமுறை,
கழித்தால் வருவது கணக்கு.
பயத்தையும் அப்படியே நிறுத்துப் பார்த்தேன்.
பயணத்தைக் கழித்த பிறகும்
அதே எடையில் நின்றது.

வெளியுறவுத் துறையின் வரைபடத்தில்
எல்லைப்புறம் சிவப்பு, மீதி மஞ்சள்.
பத்தொன்பதில் சாந்தியாகோ எரிந்த வாரம்
ஹாம்பர்க்கிலிருந்து தங்கை மகள் அழுதுகொண்டே அழைத்தாள்,
உயிரோடு இருக்கிறீர்களா என்று.
நான் சந்தையில் வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.
அவள் வரைபடத்தில் எனக்கும் அதே நிறம்தான் இருந்திருக்கும்.
ஆனால் அதே வாரம், அதே நாட்டில்,
ஒரு பையனுக்குக் கண் போனது.
வெங்காயமும் பொய்யில்லை, கண்ணும் பொய்யில்லை.

தோமிஸ்லாவுக்கு இதயத்தில் ஒரு ஸ்டென்ட்,
முழங்காலில் இரண்டு திருகு.
போகலாம் என்றார் டாக்டர்.
போங்கள் என்று சொல்லவில்லை.

ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை
சமையலறைச் சுவரோரம் இரண்டு நாற்காலிகளை நெருக்கிப் போட்டேன்.
சாந்தியாகோ – மத்ரித், பதின்மூன்று மணி நேரம்,
காலை ஏழுக்குப் புறப்பாடு.
கால் நீட்ட முடியாதபடி எதிரே இஸ்திரி மேசை.
இறுக்கமான காலுறை, தண்ணீர், நேரத்துக்கு மாத்திரை.
கழிப்பறைக்கு வரிசையில்தான் போகவேண்டும்;
வரிசைக்குப் பூனை இருந்தது.
பத்து மணிக்கு எட்டிப்பார்த்த பக்கத்து வீட்டு யொலாந்தா
குரலைத் தாழ்த்தி
யார் போய்ச் சேர்ந்தது என்று கேட்டாள்.

மணிக்கொருமுறை அவன் கணுக்காலை விரலால் அழுத்தி
பள்ளம் எத்தனை நொடியில் நிரம்புகிறதென்று
நோட்டில் குறித்தேன்.
நான்கு. நான்கு. ஆறு. ஐந்து.
எட்டாம் மணியில் குறட்டை விட்டான்.
அதையும் குறித்தேன்.
ஒன்பதாம் மணியில், அட்லாண்டிக்கின் நடுவில் எங்கோ,
என் இடுப்பு பிடித்துக்கொண்டது.
எழப் பார்த்தேன், இஸ்திரி மேசைதான் சாய்ந்தது.
கீழே விழுந்து திறந்து கிடந்த நோட்டில்
என்னைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

சத்தம் கேட்டு விழித்தவன்
திருகு போட்ட முழங்காலை மடக்கித் தரையில் உட்கார்ந்து
என் இடுப்பைத் தேய்த்தான்.
எங்கே இருக்கிறோம் என்றான்.
கடல் மேல், என்றேன்.
அப்படியென்றால் இறங்க முடியாதே, என்றான்
ரொம்பவும் யோசித்து.

இப்போது புதுத் தாள்.
சாந்தியாகோவில் இரண்டு இரவு, மத்ரித்தில் நான்கு,
இஸ்தான்புல்லில் மூன்று.
இரண்டு பேருக்கும் நடைவழி ஓரத்து இருக்கை.
எல்லைப்புறம் கிடையாது; அதில் வாதமும் கிடையாது.
படுக்கைகளுக்கே என் சேமிப்பில் பாதி போகும்.
பிப்ரவரியில் எனக்கு எழுபது,
அன்றிலிருந்து காப்பீடு இரு மடங்கு.
அவன் இன்னும் சரி என்று சொல்லவில்லை,
காலுறையை மட்டும் துவைத்துக் காயப்போட்டிருக்கிறான்.

இன்று மறுபடி கயிறு கட்டிய நாள்.
இடுப்பில் பட்டை, பையில் அந்தத் தாள்.
வெட்கப்படாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே நடந்தேன்.
பிடித்துக்கொண்டதால்தான்
இவ்வளவு தூரம் வர முடிந்தது.

பயண முகவர் அலுவலகத்துக்கு
எட்டடி முன்னால்
கயிறு முடிந்துவிட்டது.