கூண்டு ஏறினால் கிளம்பலாம்

துறைமுகம் மூடினால்தான் தேசிங்குக்கு லீவு.
தீபாவளிக்கு மூடாது. பொங்கலுக்குப் பாதி.
புயல் வந்தால் மட்டும்
கப்பல்களை வெளிக்கடலுக்கு அனுப்பிவிட்டு
கேட்டைச் சாத்துவார்கள்.
ஆகவே எங்கள் சுற்றுலா
வங்கக் கடலில் ஏதோ ஒரு தாழ்வு நிலையில் தொடங்குகிறது.

கூண்டு ஒன்று என்றால் வெறும் பேச்சு.
மூன்று என்றால் துணி மடிக்கலாம்.
ஆறு ஏறினால் பெட்ரோல் போட்டு வைக்கலாம்.
அது கரையேறிப் போன மறுநாள் விடிகாலை
மிச்ச மழையோடு
அதன் பின்னாலேயே வடக்கே.

ஊரே தெற்கே போகும் கடல் பார்க்க.
சவுக்குத் தோப்பு, காபிக் கடை, செல்ஃபிக்கு ஒரு பாறை.
அதே கடலுக்கு
வடக்குப் பக்கம் ஒன்று இருப்பதாக யாரும் சொல்வதில்லை.
"இன்னாத்துக்கு வடக்க? சாம்பலும் டிரெய்லரும்தான அங்க"
என்கிறாள் மாடிவீட்டு மல்லீஸ்வரி.
சரிதான்.
எண்ணூர் வரைக்கும் சரிதான்.

போன வருஷக் காலண்டர், ஆகஸ்ட் மாதம்,
அதன் முதுகில் வரைபடம்.
தண்டையார்பேட்டை ஒரு புள்ளி.
முகத்துவாரம் தாண்ட ஒரு பாலம்.
பழவேற்காட்டில் இட்லி, இறால் தொக்கு,
பூநாரை வந்திருந்தால் பூநாரை.
தடா. சூலூர்பேட்டை.
நெல்லூரில் பருப்புப் பொடி, நெய், சோறு.
ஓங்கோலுக்கு மேலே எல்லாம்
கன்டெய்னர் சீட்டில் பார்த்த பெயர்கள்:
சீராலா, பாபட்லா, மச்சிலிப்பட்டினம்.
கிருஷ்ணபட்டினத்தை மட்டும் ஒரே கோடாக அடித்தான்.
"அங்கயும் கேட்டுதான்."

பன்னிரண்டு வருஷமாக ஓட்டுகிறான்.
எண்ணூர் ரோட்டில் ஒரு ராத்திரிக்கு அறுநூறு மீட்டர்.
வண்டியிலேயே தூங்கி, வண்டியிலேயே பல் விளக்கி.
லீவிலும் ஓட்டணுமா என்று கேட்பான் என நினைத்தேன்.
கேட்கவில்லை.
"நாலாவது கியர்ல போணும்," என்றான்,
"கண்ணாடிய கொஞ்சம் எறக்கி வுட்டு,
முன்னால ஒருத்தனும் இல்லாம."

சம்மந்தத்தின் ஆம்னி கிடைக்கும்.
வைப்பர் ஒன்றுதான் ஓடுகிறது, அதுவும் என் பக்கம்.
நீ பார்த்துச் சொல்லு, நான் ஓட்டறேன் என்று சிரிக்கிறான்.
மூலக்கொத்தளத்தில் ரப்பர் சொல்லி வைத்திருக்கிறது.

நேற்று மூன்று ஏறியது.
நான் துணி மடித்தேன்.
ரூபிகா நீலக் கிரயானால் கடலைத் தீட்டித் தீட்டி
ரோட்டையும் முழுக அடித்துவிட்டாள்.

கூண்டு ஏறினால் என் அண்ணன் எத்திராஜுக்குக் கடல் பூட்டு.
காசிமேட்டில் படகைப் படகோடு கட்டி
இடையில் பழைய டயர் செருகிவிட்டு
கைமாற்று கேட்க வருவான்.
ஒரே கம்பத்தில் ஏறுகிற ஒரே கூண்டு.
இதை நான் தாளில் எங்கும் எழுதவில்லை.

வந்தான். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
"கடலப் பாக்கறதுக்குக் காசு குடுத்துப் போறீங்களா?"
பிறகு நீலத்தில் விரலை வைத்து
"இங்க தண்ணி இழுக்கும், புள்ளைய எறக்காத.
இங்க வல கிழிஞ்சு ரெண்டு நாள் கெடந்தோம்.
இந்த ஊரு பேரு இதுவா?
எனக்கு லைட்டவுஸ் மட்டும்தான் தெரியும்.
ராவுல அத்தப் பாத்துதான் திரும்புவோம்."

அந்தப் பக்கத்திலிருந்து
கரை முழுக்க அவனுக்குத் தெரிந்திருக்கிறது.
ரோடுதான் தெரியாது.

பின் சீட்டில் இடம் இருக்கு, வா என்றேன்.
நெடுநேரம் கழுத்தைச் சொறிந்தான்.
"காருல போனா எனக்கு வாந்தி வரும்மே."
தேசிங்கு சிரிப்பை அடக்கப் பார்த்து இருமினான்.

வெளியே பிடித்துக்கொண்டது.
தெருவில் கணுக்காலுக்குத் தண்ணீர்.
தாளைத் தரையிலிருந்து கட்டிலுக்கு மாற்றினேன்.
டார்ச், குடை இரண்டு, புளிசாதம், துண்டு,
அதற்குக் கீழே, இடம் இல்லாமல் சாய்வாக:
எலுமிச்சம்பழம், நாலு.