பாக்கி

முப்பத்தெட்டாயிரம் பாக்கி கேட்கப் போனேன்.
"உட்காருங்க" என்றாள் பெனிட்டா.
நாற்காலியைக் காட்டிய அந்தக் கை
ஒரு மாதமாய்ப் பழகிய கை.
அதற்கு முன் அது ஜீவரத்தினம் சாலையில்
செல்போனுக்குக் கண்ணாடி ஒட்டிக்கொண்டிருந்தது.

திறப்பு வியாழக்கிழமை. இன்று ஒத்திகை.
ஒத்திகைக்கு வாய் வேண்டுமாம், எட்டு வாய்.
டைல்ஸ் போட்ட சுப்பாராவ்,
பிளம்பர் நசரேன், ஐஸ் இறக்கும் தேசப்பன்,
எதிர்வீட்டு மஸ்தான் பாய்,
பேர் தெரியாத மூன்று பேர்,
வயரிங் செய்த நான்.

மிளகாய் மண்டியாக இருந்த கட்டடம்.
முதல் நாள் சுவரில் துளை போட்டபோது
டிரில் முனையில் சிவப்பாய்த் தூள் வந்தது,
தெருவே தும்மியது.
இப்போது தும்மினால்
ஜப்பானுக்குக் கேட்டுவிடும் போல அமைதி.
எண்ணூர் போகும் கன்டெய்னர் லாரி
பிரேக் அடிக்கையில் மட்டும்
தட்டில் இருந்த ஒற்றை இலை நடுங்கியது.

இலைமேல் வெண்டைக்காய், சுண்டுவிரல் நகம் அளவு.
"அவ்ளோதானா?" தேசப்பன் என் காதில்.
"வருதுண்ணா, இன்னும் ஒம்போது வருது."
குனிந்து பேசும் பயிற்சியெல்லாம் போய்
பெனிட்டா வாயில்
காசிமேடு வந்திருந்தது.

சூப்புக் கிண்ணத்தின் மூடி திறக்கவில்லை.
இழுத்தேன். திருகினேன்.
சட்டைப் பையில் டெஸ்டர் இருந்தது,
நெம்பலாமா என்று யோசித்தேன்.
அவள் வந்து
கிண்ணத்தின் இடுப்பை இரண்டு விரலால் அமுக்கினாள்.
ஒரு மூச்சு உள்ளே போகிற சத்தம்.
உள்ளே தெளிந்த தண்ணீர்,
அதில், முள் எடுத்து,
ரிப்பன் மாதிரி முடிச்சுப் போட்ட
கிழங்கான்.

"கிசு" என்றார் ஒகமோதோ, மீனைக் காட்டி.
இரண்டு முறை சொன்னால் எங்கள் தெருவில்
யார் வீட்டிலோ சண்டை.
அதிகாலை ஏலத்தில்
கூடை விலை கேட்டு வாயைப் பிளந்துகிடக்கும்
அதே மீன்தான்.
என் வீட்டில் மசாலாவில் புரளும்.
இங்கே ஒன்றுமே இல்லாமல் நின்றது,
குளித்துவிட்டு வந்த ஆள்
துண்டைத் தேடுகிற மாதிரி.
உப்பு இருக்கிறதா என்று நாக்கு யோசிப்பதற்குள்
தொண்டை ஆமாம் என்றுவிட்டது.

ஐந்தாவதுக்கும் ஆறாவதுக்கும் நடுவில்
மணலிக் காற்று திரும்பியது.
ஒகமோதோ கத்தியைக் கீழே வைத்தார்.
மூக்கைத் தூக்கினார்.
ஜன்னல் மூடித்தான் இருந்தது.
அந்த ஆலையை நாங்களா வைத்தோம்?
ஆனாலும் எட்டு பேரும்
தப்பு செய்தவர்களாய்த் தட்டைப் பார்த்தோம்.
மஸ்தான் பாய் மட்டும்
பத்து விரலையும் விரித்துக் காட்டினார்:
"பத்து நிமிஷம். போயிடும்."
ஒகமோதோ கையைக் கழுவிக்கொண்டு நின்றார்.
எதுவும் பரிமாறவில்லை.
யாரும் பேசவில்லை.
பன்னிரண்டு நிமிடம் ஆனது.
பாய் ஸாரி என்றார்.

சோறு கடைசியில், மண்சட்டியோடு.
அடிப்பிடித்ததைத் தேசப்பன்
இரண்டாம் முறை கேட்டு வாங்கினான்.
அப்போதுதான் ஒகமோதோவுக்குப்
பல் இருப்பது தெரிந்தது.

பிறகு ஆளுக்கு ஒரு தாள், ஒரு பென்சில்.
குறை இருந்தால் எழுத வேண்டும்.
சுப்பாராவ் "சூப்பர்" என்று எழுதி
தெலுங்கில் கையெழுத்துப் போட்டார்.
நசரேன் என் தாளை எட்டிப் பார்த்தான்.
மறைத்துக்கொண்டு எழுதினேன்:

மூன்றாம் நாற்காலி.
மேலே உள்ள லைட் கிண்ணத்தில் விழவில்லை.
கண்ணில் விழுகிறது.
நாலு அங்குலம் முன்னால் தள்ள வேண்டும்.
ஏணிமேல் நின்று பார்த்தபோது
தெரியவில்லை.

பேர் எழுதும் இடத்தில் பேரை எழுதினேன்.

வாசலில் பெனிட்டா குனிந்தாள்.
எனக்கும் கொஞ்சம் குனிய வந்தது.
"காலைல ஏணியோட வரேன்."
"பாக்கிக்கு வந்தீங்கன்னு நெனச்சேனே?"
பில் பையில்தான் இருந்தது,
நாலாய் மடித்து, வேர்வையில் ஓரம் நனைந்து.
"அதுக்கும்தான்" என்றேன்.