மூன்று வாரம்

பிரஸ்டன் ஆவணக் காப்பகத்தில் எனக்குத் தந்திருப்பது
ஒரு மென்தூரிகை, ஒரு எலும்புக் கத்தி,
ஈரம் குடித்து ஒட்டிக்கொண்ட
நீதிமன்றப் பதிவேடு. வருடம் 1874.
தாள்தாளாகப் பிரிக்க வேண்டும்.
படிப்பதற்குச் சம்பளம் இல்லை.

படித்தேன்.

கெசியா ஹாலிவெல். நூற்பாலையில்
அறுந்த இழைக்கு முடிச்சுப் போடுகிறவள்.
எழுத்தர் அவள் பெயரை
மூன்று இடத்தில் மூன்று விதமாக எழுதியிருக்கிறார்.
மேஸ்திரியின் பெயரில் ஒரு பிழையும் இல்லை.

அன்று சட்டத்தின் வேலி பன்னிரண்டில் முடிந்தது.
உள்ளே நின்றால் குழந்தை.
ஒரு அடி தாண்டினால்
'சம்மதித்தாளா?'

ஆகவே யாரும் மேஸ்திரியைப் பற்றிப் பேசவில்லை.
காலை முழுக்க நாட்காட்டியைப் பற்றிப் பேசினார்கள்.

பஞ்சு வராமல் ஆலைகள் மூடிக் கிடந்த குளிர்காலம்,
கஞ்சி வரிசையில் நிற்கும்போது வலி கண்டது,
அதற்கு மேல் தெரியாது ஐயா,
என்றாள் தாய்.
பாதிரியார் தன் ஏட்டைத் திறந்தார்.
வைத்தியர் வாயைத் திறக்கச் சொல்லிப் பல்லை எண்ணினார்,
சந்தையில் குதிரைக்குச் செய்வதுபோல.
பன்னிரண்டு முடிந்து மூன்று வாரம்.

'பெண் பேசவில்லை' என்று தனியாக ஒரு வரி.
மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்பது
எங்கள் ஊர்ப் பழமொழி அல்லவா,
இங்கே எப்படி?
கப்பலேறி வந்திருக்காது.
எந்த மண்ணிலும் தானாக முளைக்கும் களை அது.

வழக்கு தள்ளுபடி.

அடுத்த வருடமே வேலியைப் பதின்மூன்றுக்கு நகர்த்தினார்கள்.
இன்னும் பத்து வருடத்தில்,
கூட்டம் போட்டு, கையெழுத்துச் சுருளைத் தோளில் சுமந்து,
பதினாறு.
மோதிரம் மாட்டினால் மட்டும் பன்னிரண்டு போதும் என்பது
அப்புறமும் நாற்பத்து நான்கு வருடம்
சட்டத்தை உறுத்தவில்லை.

அதே அரசியின் ஆட்சியில்தான்
எங்கள் பெண்களுக்குப் பத்தைப் பன்னிரண்டாக்கினார்கள்.
கடல் தாண்டும்போது
நான்கு வயது எங்கே விழுந்தது என்று கேட்கலாம்.
கேட்குமுன், அந்தப் பன்னிரண்டுக்கே
மதம் போச்சு, மானம் போச்சு என்று
தெருவுக்கு வந்த எங்கள் பெரியவர்களையும்
சொல்லிவிட வேண்டும்.

என் மொழியில் பெண் வயதுக்கு வருவாள்.
பந்தல் போட்டு ஊருக்கே சொல்வோம்.
இந்தப் பதிவேட்டில்
வயதுதான் அவளிடம் வந்திருக்கிறது,
மூன்று வாரம் முந்தி,
கதவைத் தட்டாமல்.

மாலை நான்கு மணிக்கு இருட்டிவிட்டது.
விளக்கின் மேல் தாளை ஏந்திப் பார்த்தேன்.
வயதுக் கட்டத்தில் மட்டும் காகிதம் மெலிந்திருக்கிறது.
எதையோ சுரண்டிய இடத்தில் மை பரவி 12.
என்ன இருந்தது என்று தெரியாது.
எழுத்தர் கை தவறியிருக்கலாம்.

கிழிசலை ஒட்டலாம், எழுத்தைத் தொடக்கூடாது
என்பது இங்கே விதி.
பின்புறம் மெல்லிய தாள் ஒன்றை
மாவுப் பசையில் தோய்த்து வைத்தேன்.
காய்ந்த பிறகும்
அந்த எண்ணின் வழியே
வெளிச்சம் வந்துகொண்டுதான் இருக்கிறது.