முள்தண்டு

ஜெனீவாவுக்கு வெளியே, ஒக்டோபர்.
கார்டோன் செடி என் நெஞ்சளவு.
கட்டிப்பிடித்தால்தான் கயிறு சுற்றலாம்;
தோல் கையுறையையும் தாண்டிக் குத்தும்.
கறுப்புப் பிளாஸ்டிக் போர்த்தி
மூன்று கிழமை இருட்டு.
கைப்பு இறங்கட்டும் என்கிறார் ஃபிர்மான்,
மற்றெல்லாவற்றிலும் அவசரக்காரர்.

கழித்த வெளியிலைகளைப்
பையில் அமுக்கிக்கொண்டேன்.
ஈரலுக்கு நல்லதாம்.
திங்கட்கிழமை குகதாசனுக்கு இரத்தப் பரிசோதனை.

அவித்துக் கொடுத்தேன்.
ஒரு மிடறு. முகம் கோணியது.
"இதையும் இருட்டில வைச்சிருக்கலாமே?"
"வைச்சால் மருந்தில்லை, கறி."

தண்டுக்கு நார் உரித்தேன்.
எலுமிச்சை முடிந்துவிட்டது;
புளித்தண்ணீரில் போட்டேன்.
தண்டு கறுக்கவில்லை,
என் விரல்கள்தான்.

இரண்டாம் முறையும் சோறு கேட்டார்.
அலுமாரிப் பக்கம் ஒருதரம் பார்த்தார்.
போத்தலைக் கேட்கவில்லை,
இன்றைக்கு.